உறுதிபூசுதலும் இல்லத்தாரின் கடமையும்

நம் சங்கத்துக் குடும்பங்களுள் கத்தோலிக்கத் திருமறையைச் சார்ந்தவை பல. தூத்துக்குடி, திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கங்களிலிருந்து பிழைப்பை நாடி வந்து, மும்பை, புனே, தில்லி முதலிய நகரங்களில் நிலைத்துவிட்ட குடும்பங்கள் அவை. அவற்றின் பிள்ளைகள் பதின்பருவம் எய்தும்போது பங்குக் கோயிலில் உறுதிபூசுதலுக்கான வகுப்பு தொடங்குகின்றது. பிள்ளை உள்ளே அமர்ந்து பாடம் கேட்கின்றது. பெற்றோர் வெளியே காத்திருந்து அழைத்துச் செல்கின்றனர். என்ன கற்றாய் என்று இல்லத்தில் கேட்பவர் அரியர். இம்மாதம் இதைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

உறுதிபூசுதல் திருச்சபையின் ஏழு அருட்சாதனங்களுள் ஒன்று. பிற சமயத்து அன்பர்களுக்கும் விளங்குமாறு அதனைச் சுருங்கச் சொல்வோம். கைக்குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கும்போது பெற்றோரும் ஞானப்பெற்றோருமே விசுவாசத்தை அறிக்கையிடுகின்றனர். உறுதிபூசுதல் நாளிலோ வளர்ந்த பிள்ளை தானே எழுந்து நின்று, அந்த வாக்குறுதிகளைத் தன் வாயாலேயே புதுப்பிக்கின்றது. ஞானத்தந்தையோ ஞானத்தாயோ பிள்ளையின் தோளில் வலக்கையை வைத்து நிற்க, ஆயர் கிறிஸ்மா எண்ணெயில் பெருவிரலைத் தோய்த்து நெற்றியில் சிலுவை வரைந்து, தூய ஆவியாரின் கொடையால் முத்திரையிடுகின்றார். பிள்ளை "ஆமென்" என்கின்றது. அந்த ஒரு சொல்லை அதற்காக வேறெவரும் சொல்ல இயலாது. ஆகவே அது பொருளறிந்து சொல்லப்படல் வேண்டும்.

1910ஆம் ஆண்டு திருத்தந்தை பத்தாம் பயஸ், ஏறத்தாழ ஏழு வயதிலேயே பிள்ளைகள் புதுநன்மை வாங்கலாம் என்று வகுத்தார். அதன்பின் பல நாடுகளில் உறுதிபூசுதல் புதுநன்மைக்குப் பிற்பட்டு, பதின்பருவத்துக்கு வந்து சேர்ந்தது. அப்பருவமோ ஐயங்கள் எழும் பருவம். "ஞாயிறுதோறும் கோயிலுக்கு ஏன் போக வேண்டும்? என் தோழன் வேறு சமயத்தவன், அவனும் நல்லவன்தானே?" என்றெல்லாம் பிள்ளை கேட்கும். "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று நாம் வாயை அடைத்தால், கேள்வி அடங்குவதில்லை. நம்மிடம் கேட்பதுதான் அடங்குகின்றது. பிறகு சடங்கு இனிதே நிறைவேறும், புகைப்படமும் எடுக்கப்படும். வகுப்பு முடிந்ததோடு கோயிலும் முடிந்தது என்று பிள்ளை எண்ணிவிடும். இந்நிலை வாராமற் காப்பது மறைக்கல்வி ஆசிரியரால் மட்டும் ஆவதன்று.

வெளியூர்களில் வாழும் நமக்கு மற்றோர் இடையூறும் உண்டு. கோயிலில் பாடம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ நடைபெறுகின்றது. இல்லத்தில் செபமாலை தமிழில் சொல்லப்படுகின்றது. பாட்டி "இஸ்பிரீத்து சாந்து" என்பார். தாய் "தூய ஆவியார்" என்பார். பிள்ளை "ஹோலி ஸ்பிரிட்" என்னும். மூன்றும் ஒருவரையே குறிப்பன என்பதைக்கூட அறியாத பிள்ளைகள் உளர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், இருமொழி அறிந்தோர் துணையால் செபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாமே மனனம் செய்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். கற்றதை வீட்டாருக்கும் அயலாருக்கும் சொல்லிக்கொடுக்குமாறு அச்சிறுவர்களைப் பணித்தார். இந்திய மண்ணில் தமிழில் அச்சான முதல் நூலாகிய "தம்பிரான் வணக்கம்" 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது; அதுவும் மறைக்கல்வி நூலே. நம் பிள்ளை ஞாயிறன்று வேற்றுமொழியில் கற்றதை அன்று மாலையே தமிழில் பெரியவர்களுக்குச் சொல்லட்டும். சொல் தெரியாத இடத்தில் பெரியவர்கள் எடுத்துக் கொடுக்கட்டும். இருவருக்கும் அது பாடமாகும்.

தூய ஆவியாரின் கொடைகள் ஏழு. ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம் என்று நம் முன்னோர் அவற்றை மனனம் செய்தனர். வாரத்துக்கு ஒன்றாக ஏழு வாரம் இல்லத்தில் அவற்றைப் பேசலாம். திடம் என்பதற்கு விளக்கம் தேடி அலைய வேண்டா. மொழி தெரியாத நகரில் கையில் ஒரு முகவரியோடு வந்திறங்கிய தந்தை அந்நாட்களைச் சொல்லட்டும். விமரிசை என்பது இன்னது செய்தல் தகும், இன்னது தகாது என்று ஆராய்ந்து தேரும் திறன். பரீட்சையில் பார்த்தெழுத அழைக்கும் நண்பனுக்கு என்ன விடை சொல்வது என்பதில் அது விளங்கும். 1971ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் உறுதிபூசுதல் பெற்ற தாத்தா பாட்டிமார், ஆயர் தம் கன்னத்தில் மெல்லத் தட்டியதை நினைவுகூர்வர். விசுவாசத்தின்பொருட்டுத் துன்பம் வரினும் தாங்க வேண்டும் என்பதற்கு அஃது அடையாளமாகக் கொள்ளப்பட்டது. அதனைப் பிள்ளைகள் அவர்கள் வாயிலாகக் கேட்டல் நன்று.

இனி ஞானப்பெற்றோரைத் தேர்தல். உறுதிபூசுதல் பெற்று, விசுவாச வாழ்வு வாழும், பதினாறு வயது நிறைந்த கத்தோலிக்கர் அப்பொறுப்பை ஏற்கலாம். பெற்ற தாய் தந்தையர் ஏற்றல் ஆகாது என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். திருமுழுக்கின்போது நின்றவரே மீண்டும் நிற்பது விரும்பத்தக்கது என்றும் அச்சட்டம் கூறுகின்றது. அவர் ஊரில் இருப்பின், மாதம் ஒருமுறையேனும் தொலைபேசியில் பிள்ளையோடு பேச இசைவாரா என்று கேட்டறிக. இயலாதெனில், பிள்ளை மனம் திறந்து பேசக்கூடிய ஒருவரை இங்கேயே நாடுக. செல்வமும் செல்வாக்கும் நோக்கித் தேர்ந்தெடுப்பதால் பிள்ளைக்குப் பயனில்லை.

ஏட்டு வேலையும் ஒன்று உண்டு. ஊர்ப் பங்கில் திருமுழுக்குப் பெற்ற பிள்ளைக்கு அங்கிருந்து சான்றிதழ் வரவழைக்க வேண்டும். தலைப்பெழுத்தோடு அங்கே எழுதப்பட்ட பெயர், இங்கே பள்ளி ஏட்டில் வேறு வடிவம் பெற்றிருக்கலாம். வகுப்பின் தொடக்கத்திலேயே ஒப்புநோக்கி, வேறுபாடு இருப்பின் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க. உறுதிபூசுதல் நிறைவேறிய செய்தியை இங்குள்ள பங்குத்தந்தை ஊர்ப் பங்குக்கு அறிவித்து, அங்குள்ள திருமுழுக்கு ஏட்டில் குறிக்கச் செய்தல் முறை. அது குறிக்கப்பட்டதா என்று பெற்றோர் கேட்டறிதல் நலம். பின்னாளில் திருமணத்தின்போது அந்த ஏடே வேண்டப்படும். ஆயினும் திருமணச் சான்றிதழுக்காகவே உறுதிபூசுதல் என்று பிள்ளையின் செவியில் விழப் பேசுதல் கூடாது.

புத்தாடையும் விருந்தும் அந்நாளில் இருக்கட்டும். உற்றார் கூடி மகிழட்டும். முந்திய நாள் இரவு, செபம் முடிந்தபின் பெற்றோர் பிள்ளையை அருகில் அமர்த்தி, "நாளை நீ சொல்லும் ஆமென் எதற்கு?" என்று கேட்பாராக. மனனம் செய்த விடையாக இல்லாமல், எம்மொழியிலேனும் தன் சொல்லில் பிள்ளை விடை சொல்லுமாயின், அதற்குரிய ஆயத்தம் நிறைந்தது எனலாம். இவ்வாண்டு உறுதிபூசுதல் பெறவிருக்கும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் நம் வாழ்த்துகள் உரியன.