கொல்லைப்புறத்துப் பலகை

அமெரிக்காவின் சின்சினாட்டி வட்டாரத்து வீட்டுக் கொல்லைகளில் பாட்டனும் பேரனும் ஒருங்கே ஆடும் விளையாட்டொன்று உண்டு. கார்ன்ஹோல் என்பது அதன் பெயர். சாய்ந்த பலகையின் துளைக்குள், மக்காச்சோளம் நிரப்பிய துணிப்பையை எறிய வேண்டும். அப்பலகையை வீட்டிலேயே செய்துகொள்வோர் பலர்.

அரை அங்குலக் கனமுள்ள பிளைவுட், நீளம் 4 அடி, அகலம் 2 அடி, அடியில் மரச்சட்டம். துளையின் விட்டம் 6 அங்குலம். அதன் நடுப்புள்ளி மேல்விளிம்பிலிருந்து 9 அங்குலத்திலும், பக்கங்களிலிருந்து 12 அங்குலத்திலும் அமைதல் வேண்டும். பின்புறம் தரையிலிருந்து 12 அங்குலம் உயரும். முன்புறம் மூன்று, நான்கு அங்குலம் போதும். இவ்வாறு இரண்டு பலகைகளை 27 அடி இடைவெளியில் வைப்பர். சிறுவர்க்குச் சற்று நெருக்கி வைப்பதில் குற்றமில்லை.

அறுப்பதும் ஆணியடிப்பதும் ஒரு பொழுதில் முடியும். உப்புத்தாளால் தேய்ப்பதிலேதான் பொறுமை தளர்ந்துவிடுகிறது. அங்கே அவசரப்படலாகாது. வலுவான கை வீசும் பை நேரே துளையில் விழக்கூடும். குழந்தை எறியும் பையோ பலகையின் கீழ்ப்பகுதியில் விழுந்து, வழுக்கி மேலேறித்தான் துளையை அடைய வேண்டும். பலகை சொரசொரப்பாயிருப்பின் அது பாதியிலேயே நின்றுவிடும். துளைக்குள் விழுந்தால் 3 புள்ளி, பலகையில் நின்றால் ஒன்றே. ஆதலால் நன்கு தேய்த்து, வார்னிஷ் பூசி, உலர்ந்தபின் மீண்டும் ஒருமுறை தேய்ப்பது நலம். துளையின் விளிம்பையும் மறவாதீர்கள்; துணி கிழியும்.

ஒவ்வொரு பையும் ஆறங்குலச் சதுரம், ஏறத்தாழ 450 கிராம். ஆட்டம் முடிந்ததும் பைகளைத் தகர டப்பாவில் மூடி வையுங்கள். சோளத்தின்மேல் எலிகளுக்கும் ஆசையுண்டு.