அடுக்களை காணலும் ஒரு சிக்கனக் கணக்கும்



புதுக்குடித்தனத்தைச் சிக்கனமாகவும் தன்னிறைவாகவும் தொடங்குவது எங்ஙனம் என்ற பேச்சு ஆய்வு மாணவரிடையே இப்போது அடிக்கடி எழுகிறது. குறைந்த பொருள்களோடு வாழ்தல், மாடித்தோட்டம், மண்பாண்டம், கைமாறி வந்த மரச்சாமான் என்று அது நீளும். நானும் என் கணவரும் பாறசாலைக்கு அருகே ஒரு வாடகை வீட்டில் குடியேறி எட்டு மாதங்களாகின்றன, இருவரும் ஆய்வாளர்கள். ஆகவே இப்பேச்சில் எனக்கும் பங்குண்டு. ஆயினும் அதில் ஒரு கேள்வி எப்போதும் விடுபட்டுப்போகிறது. முதல் வீட்டின் சமையலறையை நிரப்பும் பணம் யாருடையது?

நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தில் இதற்கு விடை ஒரு சடங்காகவே இருக்கிறது. மணம் முடிந்தபின் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து அடுக்களை பார்ப்பர். அடுக்களை காணல் என்பது அதன் பெயர். காண வருவோர் வெறுங்கையோடு வருவதில்லை. உருளி, அண்டா, நிலவிளக்கு, எவர்சில்வர் தட்டுகள், மிக்சி, கிரைண்டர், குளிர்பதனப் பெட்டி, அலமாரி என வண்டியில் வந்திறங்கும். அக்கம்பக்கத்தார் கூடி நின்று எண்ணுவர். எண்ணிக்கை குறைந்தால் அக்குறை பெண்ணோடு பல்லாண்டு ஒட்டிக்கொள்ளும்.

1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் இதைத் தொடுவதில்லையா என்று கேட்கலாம். அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு, கேட்காமல் கொடுக்கப்படும் பரிசுகளுக்கு விலக்களிக்கிறது: அவை பட்டியலில் எழுதப்பட்டிருக்க வேண்டும், பெண்வீட்டார் தருபவை வழக்கமானவையாகவும் கொடுப்பவரின் பொருள்நிலைக்கு மிஞ்சாதவையாகவும் இருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, வழக்கம்தான் கேட்டது. ஆதலால் உருளியும் குளிர்பதனப் பெட்டியும் பரிசாகி விடுகின்றன. பட்டியலை மட்டும் எவரும் எழுதுவதில்லை.

என் கருத்து இதுதான்: நம் வட்டாரத்தில் சிக்கனமான முதல் வீடு என்பது அந்த வண்டி புறப்படாமல் தடுப்பதில் தொடங்குகிறது. அதைச் செய்யாமல் பிறகு மூங்கில் தூரிகையால் பல் துலக்குவதைச் சிக்கனம் என்று அழைக்க என்னால் இயலவில்லை. அச்செலவு குறைந்ததன்று, இன்னொரு வீட்டின் கணக்கில் ஏறியது.

நாங்கள் வண்டி வேண்டாம் என்றோம். என் அம்மாவுக்கு அது எளிதாக இருக்கவில்லை. அடுக்களை காணலுக்கென்றே அவர் ஆண்டுக்கணக்கில் சிட்டி கட்டியவர். "வெறுங்கையோட அந்த வீட்டுல நான் எப்பிடிக் கேறுவேன், மக்களே?" என்று கேட்டார். என் கணவர் பக்கத்தில் அமர்ந்து, "அத்தே, நீங்க கேறி வந்தாப் போதும்" என்றார். அம்மா அதற்கு மறுமொழி சொல்லவில்லை. அந்தப் பணத்தில் சொந்த வீட்டின் ஒழுகும் கூரையைச் செப்பனிடுங்கள் என்று நான் சொன்னதும் அவருக்கு உவப்பாக இல்லை. பிற்பாடு செப்பனிட்டார்.

இதை நுகர்வு மோகம் என்று முத்திரையிட்டு ஒதுக்கும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தென் திருவிதாங்கூரில் பணியாற்றிய லண்டன் மிஷன் போதகர் சாமுவேல் மெட்டீர் 1871-இல் வெளியிட்ட நூலில், பனையேறும் சமூகத்தினர்மீது இருந்த தடைகளை வரிசைப்படுத்துகிறார். குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. பொன் நகை கூடாது. ஒரு நிலைக்கு மேல் வீடு எழுப்பக் கூடாது. பசுவைக் கறக்கக் கூடாது. பெண்கள் நீர்க்குடத்தை இடுப்பில் வைத்துச் செல்லக் கூடாது. குடத்தை எங்கே வைப்பது என்பதுகூட அன்று சட்டமாக இருந்தது! அத்தகைய மண்ணில், நான்கு பேர் பார்க்கப் பளபளக்கும் பாத்திரத்தை வரிசையாக அடுக்கி வைப்பது வெறும் பகட்டாக இருக்க முடியாது. எளிய வாழ்வு நம் பாட்டிமாரின் தேர்வன்று. அது அவர்கள்மேல் சுமத்தப்பட்டது. அதே எளிமையை முனைவர் பட்டம் பெறப்போகிற நான் தேர்ந்தெடுக்கும்போது, தேர்ந்தெடுக்க முடிவதே என் செல்வம். இதை ஒப்புக்கொண்ட பின்னும் வண்டி வேண்டாம் என்றே சொல்வேன். மானத்தின் சின்னமாக நுழைந்த பாத்திரம் இன்று கடனின் சின்னமாக நிற்கிறது.

மொழியியல் படித்தவள் ஆதலால் ஒரு சிறு விலகல். 'அடுக்களை' எல்லைக்கு இருபுறமும் வழங்கும் சொல். அதன் அடியிலுள்ள 'அடு' சமைத்தலைக் குறிப்பது. வருத்துதல், கொல்லுதல் என்ற பொருள்களிலும் 'அடு' உண்டு. இரண்டும் ஒரே வேரா என்பது வேறு வழக்கு. அதை முடிச்சுப்போட்டு நான் தத்துவம் பேசப்போவதில்லை. எனக்கு இன்னும் சுவையான சொல் 'மிச்சம்'. மிச்சம் பிடித்தல் என்று தமிழிலும் சொல்கிறோம், மலையாளத்திலும் சொல்கிறோம். எஞ்சியது என்பதும் சேமித்தது என்பதும் ஒரே சொல். இதே சொல்தான் கேரள நிலச் சீர்திருத்தத்தில் 'மிச்சபூமி' ஆயிற்று: உச்சவரம்புக்கு மேற்பட்ட, பகிர்ந்தளிக்கப்பட வேண்டிய நிலம். மிச்சம் என்பது ஒருவர் பெட்டிக்குள் பூட்டியதா, பலருக்கும் பிரித்துத் தரவேண்டியதா என்ற பூசல் அச்சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

வீட்டுத் தன்னிறைவைப் பற்றிப் பேசுவோர் இந்த நில வரலாற்றைக் கடந்து போக முடியாது. 1970 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், பிறர் நிலத்தில் குடிசையிட்டுக் கிடந்த குடிகிடப்புக்காரர்களுக்கு அவ்விடத்தை விலைக்குப் பெறும் உரிமையை அளித்தது. ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை, நகராட்சியில் 5, மாநகரில் 3. இங்கே ஒரு வீட்டைச் சுற்றி இரண்டு தென்னை, ஒரு பிலா, நான்கு மூடு மரச்சீனி, கொஞ்சம் வாழை, ஒரு கிணறு என்று நாம் காணும் காட்சியின் பின்னால் அந்த 10 சென்ட் இருக்கிறது. சக்கையும் மரச்சீனியும் இயற்கையின் கொடை என்று எழுதுவோர், அந்தப் பிலாவின் கீழே நிற்கும் உரிமை எப்படிக் கிடைத்தது என்றும் எழுத வேண்டும். போராடிப் பெற்றது அது.

வாடகைக்கு இருக்கும் எங்களுக்கோ மண் இல்லை. ஆறு மாதத்திற்குப் பிறகுதான் காய்க்கும் எதையும் நட மனம் துணிவதில்லை. அடுத்த ஆண்டு வீட்டுக்காரர் வேறு முடிவெடுக்கலாம். கறிவேப்பிலை, கீரை, ஒரு முருங்கைப் போத்து. அவ்வளவே எங்கள் வேளாண்மை. முழுத் தன்னிறைவு என்ற இலக்கை இரண்டாம் மாதமே விட்டுவிட்டோம், வருத்தமின்றி.

விடாமல் வைத்திருப்பவற்றுள் ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அது சூடாறாப்பெட்டி. 1962-இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், புகையைக் குறைக்கும் 'பரிஷத் அடுப்பை' உருவாக்கியது; இந்தப் பெட்டியையும் பரப்பியது. உள்ளே வெப்பம் கடத்தாப் பொருள் பொதிந்த ஒரு மூடு பெட்டி, வேறொன்றுமில்லை. சிவப்புப் புழுங்கலரிசி அடுப்பில் நெடுநேரம் வேகும் பிடிவாதக்கார அரிசி. அதைச் சிறிது நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டு, பானையை மூடிப் பெட்டிக்குள் வைத்து விட்டால், உள்ளிருக்கும் சூட்டிலேயே வெந்துவிடும். எரிவாயு மிச்சம் என்பது எல்லோரும் சொல்வது. நான் மதிப்பது வேறு: அடுப்பருகே எவரும் நிற்க வேண்டியதில்லை. காலையில் வைத்துவிட்டு இருவரும் நூலகத்துக்குக் கிளம்பலாம். சிக்கனப் பொருள்களை நான் இப்போது இந்த அளவுகோலால்தான் அளக்கிறேன். பணத்தை மிச்சம் பிடித்து ஒரு பெண்ணின் நேரத்தைச் செலவழிக்கும் எந்தப் பழக்கத்தையும் எங்கள் வீட்டில் அனுமதிப்பதில்லை.

இந்த அளவுகோல் ஏன் தேவை என்பதற்குக் கருப்பட்டியே சான்று. தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, நல்ல விளைநிலத்தில் கரும்பு பயிரிடுவதைவிடத் தரிசிலும் வரப்பிலும் நிற்கும் பனையிலிருந்து வெல்லம் எடுத்து, விளைநிலத்தை உணவுத் தானியத்துக்கு விடலாம் என்று வாதிட்டார். பொருளியல் நோக்கில் அந்த வாதத்தை இன்றும் நான் ஏற்கிறேன். எங்கள் வீட்டில் கருப்பட்டிக் காப்பிதான். ஆனால் ஆண் மரமேறி இறக்கிய அக்கானியை, விறகு பொறுக்கி, மணிக்கணக்கில் புகையில் நின்று கிண்டிக் காய்ச்சியவள் பெண். அந்தத் தொழிலிலிருந்து பிள்ளைகளை விடுவிக்கத்தான் இந்த ஊர்ப் பெற்றோர் பாடுபட்டுப் பள்ளிக்கு அனுப்பினர். கருப்பட்டிக்கு உரிய விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து வாங்குவது, அதை வீட்டிலே காய்ச்சிப் படமெடுத்துப் போடுவதைவிட மேலான சிக்கனம்.

எல்லைக்கு வருவோம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அந்தக் கோடு இன்று சமையலறைக்குள் ஓடுகிறது. களியக்காவிளைக்கு அப்பால் வாழும் என் சித்திக்கு 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். 2016 முதல் இரு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். 2021 முதல் நகரப் பேருந்தில் கட்டணமில்லை. இப்பக்கம் ரேஷன் அட்டையின் நிறத்தைப் பொறுத்து அரிசியின் அளவும் விலையும் மாறும். பருப்புக்கும் எண்ணெய்க்கும் மாவேலி ஸ்டோர் வரிசை. சித்திக்குக் குளிர்பதனப் பெட்டி ஆடம்பரமன்று, எங்களுக்கு அது மின்கட்டணத்தில் தெரியும். ஒரே மொழி, ஒரே மீன்குழம்பு, சில கிலோமீட்டர் தூரம். சிக்கனத்தின் இலக்கணம் மட்டும் வேறு. எனவே, 'நான் என் ஒழுக்கத்தால் இவ்வளவு மிச்சம் பிடித்தேன்' என்று எவரேனும் எழுதினால், நீங்கள் எந்தப் பக்கம் என்று முதலில் கேட்கத் தோன்றுகிறது. அரசு கொடுத்ததையும் பக்கத்து வீட்டுக் கிணறு கொடுத்ததையும் கழித்த பிறகு நம் ஒழுக்கத்தின் பங்கு எவ்வளவு எஞ்சும்?

தன்னிறைவு என்ற சொல்லை இந்த மண்ணில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்களும் அதைத் தனி வீட்டுக்கு உரியதாகக் கருதவில்லை. நெய்யாற்றின்கரைக்காரரான ஜி. ராமச்சந்திரனும் மருத்துவர் சௌந்தரமும் 1940-இல் மணந்தனர். அதற்கு முன்பு ஓராண்டு பிரிந்திருக்கச் சொன்னவர் காந்தி. 1947-இல் திண்டுக்கல் அருகே அவர்கள் இருவரும் தொடங்கியது காந்திகிராமம்: மருத்துவமனை, பள்ளி, கதர், கைத்தொழில். ஒரு தம்பதியின் குடித்தனம் ஓர் ஊரின் ஏற்பாடாக விரிந்தது. அவர்களைப் போல் வாழ வேண்டும் என்று எவரையும் நான் கேட்கவில்லை. எனக்கே அந்த வலு இல்லை. தன்னிறைவின் அலகு வீடு அல்ல, ஊர் என்பதற்காக மட்டும் சொல்கிறேன். 2023 சனவரி முதல் இளநிலை ஆய்வுதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்று தாளில் இருக்கிறது. அது வராத மாதங்களில் எங்களைக் காத்தது முருங்கைப் போத்தன்று. கடன் எழுதிக்கொண்ட பலசரக்குக் கடைக்காரரும், சக்கை வெட்டியபோது பாதியை மதிலுக்கு மேலே நீட்டிய பக்கத்து வீட்டு மாமியும்தான்.

இவ்வாண்டு மணம் புரியவிருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 1985-ஆம் ஆண்டு விதிகள் மணமக்களுக்கு வரும் பரிசுகளை இரு பட்டியல்களாக எழுதிக் கையெழுத்திடச் சொல்கின்றன: பொருள், தோராய விலை, கொடுத்தவர் பெயர், உறவு. அதை எழுதுங்கள். விதியில் இல்லாத ஒரு பத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்தப் பொருளுக்கான பணம் எந்தச் சிட்டியிலிருந்து, எந்த நகையை அடகு வைத்து வந்தது? நிரப்பிய பின் மாப்பிள்ளை வீட்டாரோடு அமர்ந்து அதை உரக்கப் படியுங்கள். எங்கள் பட்டியலில் இருந்தவை மூன்று: அம்மாவின் பழைய உருளி, நண்பர்கள் சேர்ந்து வாங்கிய சூடாறாப்பெட்டி, பாலராமபுரத்துக் கைத்தறி வேட்டி ஒரு சோடி. விலைப்பத்தியில் உருளிக்கு என்ன எழுதுவது என்று அம்மாவைக் கேட்டோம். கோடு போட்டுவிடச் சொன்னார்.