ஊர் கூடினால் ரெண்டரும் நகரும்

கல்யாண சீசனில் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வீடியோ மிக்ஸிங் செய்கிறவரைப் பார்த்தால், கண் சிவந்துதான் இருக்கும். வெட்டி, ஒட்டி, டைட்டில் போட்டு, பாட்டு சேர்த்து எல்லா வேலையும் முடிந்த பிறகும் ரெண்டர் கொடுத்துவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டும். அது முடியும்வரை அந்தக் கணினியை வேறு எதற்கும் தொட முடியாது. அடுத்த முகூர்த்தத்தின் வீடியோ வரிசையில் நிற்கும். அதே ராத்திரி, அடுத்த தெரு ஸ்டூடியோவில் இரண்டு கணினிகள் சும்மா தூங்கிக்கொண்டிருக்கும்!

உடனே எல்லோரும் சொல்லும் யோசனை, "கடன் வாங்கியாவது புது மெஷின் போடுங்க" என்பதுதான். அதற்கு முன்னால் இருக்கிற பழைய மெஷின்களைச் சேர்த்து இழுக்க வைக்கலாமே? சும்மா கிடந்தாலும் கணினிக்குத் தேய்மானம் உண்டு.

ஒரு கணக்குப் போடலாம். ஒன்றரை மணி நேர வீடியோ, வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் மொத்தம் 1,35,000 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு 0.2 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு கணினிக்கு 7.5 மணி நேரம். அதே மாதிரி ஐந்து கணினிகள் பங்கு போட்டால் 1.5 மணி நேரம். கரண்ட் செலவு ஏறக்குறைய அதேதான். மிச்சமாவது தூக்கம்.

இது புது விஷயமும் இல்லை. லினக்ஸில் ஓடும் சினெலெரா என்ற கட்டற்ற வீடியோ எடிட்டிங் மென்பொருள் 2002-ல் வந்தது. ரெண்டர் ஃபார்ம் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு கணினி மேஸ்திரி மாதிரி வீடியோவைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும்; மற்றவை ஆளுக்கொரு துண்டை முடித்துவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்ளும். கடைசியில் துண்டுகளை வரிசையாக ஒட்டினால் போதும். பிளெண்டரில் இன்னும் சுலபம். எல்லாக் கணினிகளும் ஒரே ஃபோல்டரில் படங்களாக எழுத வேண்டும். "ஓவர்ரைட்" என்பதை அணைத்து "பிளேஸ்ஹோல்டர்ஸ்" என்பதை இயக்கினால், ஒன்று எடுத்த ஃபிரேமை இன்னொன்று தொடாது. 2006-ல் பிளெண்டரில் உருவான, சுமார் 11 நிமிடமே ஓடும் 'எலிஃபன்ட்ஸ் ட்ரீம்' படத்தை, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று இரவல் கொடுத்த கணினிக் கூட்டம்தான் பெரும்பாலும் ரெண்டர் செய்தது.

மென்பொருளுக்குக் காசு இல்லை. ஐந்து கணினியில் போட்டாலும் ஐம்பதில் போட்டாலும் உரிமம் எண்ண வேண்டியதில்லை. சின்ன ஊர் ஸ்டூடியோவுக்கு இதைவிடப் பெரிய சலுகை எது?

ஆனால் சிக்கல்களையும் சொல்லியாக வேண்டும். முதல் சிக்கல் நெட்வொர்க். 50 ஜிபி வீடியோவை 100 எம்பிபிஎஸ் வயரில் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். கிகாபிட் வயரில் ஏழெட்டு நிமிடம். எனவே காசு செலவழிப்பதானால் முதலில் வயருக்கும் ஸ்விட்சுக்கும் செலவழிக்க வேண்டும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அதையே 20 எம்பிபிஎஸ் இணைப்பில் ஏற்றினால் ஐந்தரை மணி நேரம். ஹார்டு டிஸ்க்கைப் பையில் போட்டு டவுன் பஸ் ஏறினால் அதற்குள் போய்த் திரும்பி, பால்கோவாவும் வாங்கி வந்துவிடலாம்!

இரண்டாவது, எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு, ஒரே ஃபான்ட் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் தமிழ் ஃபான்ட் விட்டுப்போனால், நடுவில் மணப்பெண் பெயர் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். மூன்றாவது, வெறுமனே வெட்டி ஒட்டுவதற்கு ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டே போதும். டைட்டில், எஃபெக்ட், அனிமேஷன் என்று ஃபிரேமுக்கு ஃபிரேம் வேலை இருக்கும் இடத்தில்தான் கூட்டு ரெண்டரிங் பலன் தரும்.

இவை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் தீரக்கூடியவை. தீராதது நான்காவது சிக்கல்: நம்பிக்கை. "என் கஸ்டமர் வீடியோவை அவன் கணினியில் போடுவதா?" என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். ஒரு வீட்டுக் கல்யாணம் அந்த வீட்டுக்காரர்களுடையது. வேலை முடிந்ததும் கோப்புகளை அழிப்பது, யாருக்கு எந்த ராத்திரி, கரண்ட் பில்லில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் பாதி சந்தேகம் போய்விடும். மீதி பழகப் பழகத்தான் போகும். கல்லூரிகளும் ராத்திரியில் பூட்டிக் கிடக்கும் கணினி லேப்களில் மாணவர்களுக்கு முதலில் இதைச் செய்து பார்க்க இடம் கொடுக்கலாம்.

ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரை ஒரு பலசாலி இழுப்பதில்லை. வடம் பிடிக்க ஊரே வருகிறது. எங்கே கட்டை போட வேண்டும் என்று தெரிந்த சிலர் சக்கரத்தருகே நிற்கிறார்கள். அவ்வளவு பெரிய தேரையே சேர்ந்து நகர்த்தத் தெரிந்த ஊர்களுக்கு, நாலு கணினியைச் சேர்த்துக் கட்டுவது ஒரு பெரிய காரியமா?