கண்ணாடியில் ஒரு கீறல்

நகத்தாற் கிள்ளி எறியத்தக்கதைக் கோடரி கொண்டு வெட்டும் நிலைக்கு வளரவிடுதல் பேதைமை என்று பிள்ளைகளுக்குப் பலமுறை உபதேசித்திருக்கின்றோம். உபதேசித்த நாமே அப்பேதைமைக்கு ஆளான கதையை இவ்வாரம் வாசகர் முன் வைக்கின்றோம்.

சென்ற ஆவணி மாதம் குடும்பத்துடன் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ-9 பெருந்தெரு வழியாக வந்துகொண்டிருந்தோம். மாங்குளத்தைத் தாண்டியதும், முன்னே சென்ற லொறியின் சில்லிலிருந்து தெறித்த சிறு கல்லொன்று எமது காரின் முன்கண்ணாடியிற் பட்டது. இறங்கிப் பார்த்தோம். நடுவுக்குச் சற்றே இடப்புறமாகத் துவரம்பருப்பளவில் ஒரு வடு. அவ்வளவே.

“இஞ்சாருங்கோ, நாளைக்கே இதை ஆரிட்டையாவது காட்டுங்கோ” என்றார் இல்லாள். “பார்ப்பம்” என்றோம். அறிந்த கராஜ்காரர் ஒருவரும், “மாஸ்ரர், இது ஒண்டும் செய்யாது, ஓடுங்கோ” என்று தைரியங் கூறினார். நாம் கேட்க விரும்பியதையே அவரும் கூறினமையால், மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டோம். மூன்று வாரங்கள் சென்றன.

ஒரு நாள் நண்பகல். வெயிலிலே நெடுநேரம் நின்ற வண்டியில் ஏறி, குளிர்காற்றை முழு வேகத்தில் முடுக்கினோம். கண்முன்னே அவ்வடுவிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு, வலப்புறமாக ஒரு சாண் தூரம் ஓடி, ஓட்டுபவரின் பார்வைக்கு நேரே வந்து நின்றது. தடித்த கண்ணாடிக் குவளையிற் கொதிநீரை ஊற்றினால் அது ஏன் வெடிக்கின்றது என்று ஆண்டுதோறும் வகுப்பிலே விளக்குகின்ற பௌதிக ஆசிரியர் நாம்! வெளிப்புறம் சூட்டினால் விரிந்தும் உட்புறம் குளிரினாற் சுருங்கியும் நிற்கும் கண்ணாடியில், முன்னரே ஒரு வடு இருந்தால் தகைப்பு முழுவதும் அதன் முனையிலேயே குவியும் என்பதை நாம் அறியாதவரல்லர். அறிந்தும் செய்தோம்.

அப்பொழுதும் மாதக் கடைசியென்று நாட் கடத்தினோம். இரண்டாம் நாள் மாலை, மங்கலான வேளை. எதிரே வந்த பஸ்ஸின் விளக்கொளி அக்கீறலிற் பட்டுச் சிதறி, கண்ணாடி முழுவதும் ஒளிப்புகையாயிற்று. ஒரு கணம் ஒன்றுமே தெரியவில்லை. தெரிந்தபோது, விளக்கில்லாத சைக்கிளொன்று எமக்கு முன்னே இரண்டு முழத்தில் நின்றது. எப்படித் தடையை மிதித்தோமோ அறியோம். சைக்கிளில் இருந்தவன் எமது பத்தாம் வகுப்பு மாணவன். நடக்கவிருந்ததை அறியாத அப்பிள்ளை, “வணக்கம் சேர்” என்று சிரித்தான். எமக்கு மறுமொழி வரவில்லை.

மறுநாட் காலையிலேயே கண்ணாடி மாற்றப்பட்டது. முதல் நாளே சென்றிருந்தால் சில ஆயிரம் ரூபாவோடு முடிந்திருக்கும். இப்பொழுதோ சம்பளத்திற் பெரும்பகுதி கரைந்தது.

எதைத் திருத்தலாம், எதை மாற்றவேண்டும் என்பதை எம்மைப்போற் பட்டறியாமல் வாசகர் அறிந்துகொள்ளல் நன்று.

முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடியன்று. ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரு தகடுகளுக்கிடையே மெல்லிய பிளாத்திக்குப் படலம் ஒன்று ஒட்டப்பட்டுள்ளது. பிரான்சிய இரசாயனரான எதுவார் பெனெதிக்துஸ் என்பார் 1903இல் கைதவறி வீழ்த்திய குடுவை, உள்ளே உலர்ந்திருந்த படலத்தின் காரணமாகச் சிதறாமல் நின்றதைக் கண்டு இவ்வழியை உய்த்துணர்ந்தார் என்பர். 1909இல் அவர் இதற்கு உரிமம் பெற்றார். அடிபட்டாலும் துண்டுகள் முகத்திற் பாயாமல் அப்படலம் பிடித்துக்கொள்ளும். பக்கக் கண்ணாடிகளோ வன்மையூட்டப்பட்ட ஒற்றைத் தகடுகள். அவை உடைந்தால் மணிமணியாக உதிரும். அவற்றைத் திருத்த வழியில்லை.

முன்கண்ணாடியின் வெளித்தகட்டில் மாத்திரம் சிறு வடு ஏற்பட்டிருந்தால் திருத்தலாம். வடுவிலுள்ள காற்றை உறிஞ்சியெடுத்து, தெளிந்த பிசினை அமுக்கத்தோடு செலுத்தி, ஊதாக்கடந்த ஒளியால் அதனை இறுகச் செய்வர். கீறல் மேலும் ஓடாது. ஆயினும் மங்கலான அடையாளமொன்று எஞ்சும். ஆதலால் ஓட்டுபவரின் பார்வைக்கு நேரேயுள்ள வடுவுக்கு இம்முறை பெரும்பாலும் பொருந்தாது. கீறல் நீண்டுவிட்டாலும், விளிம்பைத் தொட்டாலும், உட்தகடும் பழுதடைந்தாலும் மாற்றுதலே முறை. பிரித்தானியாவின் வருடாந்த வாகனப் பரிசோதனையிலே, துடைப்பான் துடைக்கும் பரப்பில், சுக்கானுக்கு நேரே 290 மில்லிமீற்றர் அகலத்துள் 10 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பழுதும், ஏனைய இடத்தில் 40 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பழுதும் தள்ளப்படும். அளந்து பார்க்க விரும்புவோர்க்கு இது நல்ல அளவுகோல்.

வடுப்பட்டவுடன் அதன்மேல் தெளிந்த ஒட்டுநாடாவை ஒட்டிவிடுக. நீரும் தூசியும் புகுந்தால் பிசின் சரிவரப் பற்றாது. காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்து, கண்ணாடிக்கு என்ன கூறியிருக்கின்றது என்று வாசிக்குக. மாற்றும்போது மலிவை மாத்திரம் நோக்கற்க. பல வண்டிகளிற் பயணியின் காற்றுப்பை விரியும்போது சார்ந்து நிற்பது இக்கண்ணாடியையே. ஒட்டுப்பசை இறுகுமுன் வண்டியை ஓட்டுவதும், கதவுகளை அடித்துச் சாத்துவதும் தகாது. கண்ணாடியோடு கமெரா பொருத்தப்பட்ட புதிய வண்டியாயின், அதனை மீண்டும் அளவுதிருத்தல் வேண்டும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர் பழைய வண்டிகளையே பேணி ஓட்டப் பழகியவர் நாம். அப்பேணுதலில் இதுவும் ஒரு பகுதியே.

அம்மாணவன் இன்றும் காலைதோறும் வணக்கங் கூறிச் செல்கின்றான். அவனிடம் நாம் ஒன்றும் விளக்கவில்லை. சைக்கிளுக்கு ஒரு விளக்குப் பூட்டித் தருமாறு அவன் தந்தையாரிடம் மாத்திரம் சொன்னோம். அவரும் பூட்டிக் கொடுத்துவிட்டார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் வீட்டு வண்டியின் முன்கண்ணாடியை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். பருப்பளவு வடு ஏதும் கண்ணிற் பட்டால், நாளையென்று தள்ளாதீர்கள்.