குதிகால் முள் மீது பழி

இரவெல்லாம் ஓய்வெடுத்த கால், காலையில் தரையில் வைத்ததும் ஏன் வலிக்க வேண்டும்? எங்கள் வீட்டில் இதைக் கேட்டவர் அம்மா. பேரங்காடியில் காசாளராக நாள் முழுவதும் நின்றே வேலை செய்தவர். எழுந்ததும் முதல் பத்தடிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பிறகு வலி சற்றுக் குறையும். மாலையில் திரும்பி வரும். “வயதானால் இப்படித்தான்” என்று விட்டுவிட்டோம், அறிவியல் ஆசிரியரான நான் உட்பட.

பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் முள் போன்ற வளர்ச்சி தெரிந்தது. அன்றிலிருந்து அந்த முள்தான் குத்துகிறது என்று நம்பி, அம்மா நடக்கவே பயந்தார். உண்மையில், வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு. வலிப்பது வேறு: குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த நார்ப்பட்டை.

நண்பரை வெறுங்காலுடன் நிற்கச் சொல்லி, அவரது கால் பெருவிரலை மேலே தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் பாதத்தின் வளைவு உயரும். பட்டை இழுபடுவதால்தான் அப்படி. நாம் வைக்கும் ஒவ்வோர் அடியிலும் இது நடக்கிறது. நெடுநேரம் நிற்பது, கூடுதல் உடல் எடை, இறுகிய கெண்டைக்கால் தசை, தேய்ந்த செருப்பு ஆகியவை சேரும்போது பட்டை எலும்போடு ஒட்டும் இடம் நைந்துபோகிறது. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் பட்டை இறுகிவிடும். காலையின் முதல் அடி அதை வெடுக்கென்று இழுக்கிறது.

வலி எப்போது வருகிறது என்று கேட்டு, குதிகாலின் அடியில் உட்பக்கமாக அழுத்திப் பார்த்தாலே பெரும்பாலும் மருத்துவருக்குப் புரிந்துவிடும். எடுத்தவுடன் எக்ஸ்ரே கேட்பது, தேவையில்லாத பயத்தைக் காசு கொடுத்து வாங்குவது என்பேன். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். அரிதாகப் பட்டை கிழியும் ஆபத்தும் அதில் உண்டு.

அம்மாவுக்கு உதவியது சலிப்பூட்டும் ஒரு பயிற்சி. கட்டிலை விட்டு இறங்குமுன் கால்விரல்களைக் கையால் முழங்கால் பக்கம் இழுத்து 10 எண்ணுவார். இப்படி 10 முறை, நாளுக்கு 3 வேளை. டைல்ஸ் தரையில் நடக்க மெத்தென்ற செருப்பு. (வீட்டுக்குள் செருப்பா என்று பாட்டி முணுமுணுத்தது தனிக்கதை.) ஏழெட்டு மாதங்கள் ஆயின. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே குணமாகிவிடுகிறது.

மரத்துப்போனாலோ, வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ மருத்துவரிடம் உடனே போக வேண்டும். காற்பந்து ஆடிவிட்டு வரும் பத்து வயதுத் தம்பி குதிகால் வலி என்றால், அது பெரும்பாலும் வளரும் எலும்பின் சிக்கல். அம்மாவின் பயிற்சியை அவனுக்கு நீங்களே பரிந்துரைத்துவிடாதீர்கள்.