வெண்மையும் தூய்மையும்

தீபாவளித் திருநாளுக்குப் பட்டாசு செய்து வழங்கும் பெருமை சிவகாசிக்கு உரியது. அவ்வூர் அமைந்த விருதுநகர் மாவட்டத்தில் அத்திருநாளன்று வானமும் மண்ணும் அதிர வெடிகள் முழங்கும். மரத்துப் பறவைகள் கலைந்து பறக்கும். தொழுவத்து மாடு கயிற்றை இழுத்து மருளும். தெருநாய் திண்ணையோரம் ஒடுங்கி நடுங்கும். அவ்வேளையில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி மட்டும் முற்றத்தில் அமைதியாக உறங்குமாயின், காண்போர், 'என்னே இதன் துணிவு!' என்று வியத்தல் கூடும். உண்மையில் அஃது அஞ்சாமை அன்று, கேளாமை. அக்குட்டி செவிடாக இருத்தல் கூடும்.

இம்மாவட்டத்தின் மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது இராசபாளையம். அவ்வூரின் பெயரையே தன் பெயராகக் கொண்டது இராசபாளைய நாய். பால்போன்ற வெண்ணிறமும், இளஞ்சிவப்பு மூக்கும், பொன்னிறக் கண்ணும், ஒடுங்கிய வயிறும், நீண்ட கால்களும் அதன் அடையாளங்கள். காட்டுப்பன்றி வேட்டையிலும், வீட்டையும் தோட்டத்தையும் காப்பதிலும் அது பேர் பெற்றது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை நம் நாட்டு நாய்வகைகள் நான்கிற்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, அவற்றுள் ஒன்றாக இராசபாளைய நாயும் இடம் பெற்றது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபுவள நிறுவனம் இதனையும், இதே மாவட்டத்துச் சிற்றூரின் பெயர் தாங்கிய சிப்பிப்பாறை நாயையும் இந்திய நாயினங்களாகப் பதிவு செய்துள்ளது.

இத்தகைய சிறப்புடைய இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறத்தல் நெடுங்காலமாக அறியப்பட்ட குறையாகும். காவலுக்கு முதற்கருவி செவியன்றோ? இரவில் வேலிக்கு அப்பால் சருகு அரையும் ஓசையைக் கேட்டு எழாத நாய் எங்ஙனம் வீட்டைக் காக்கும்? கேளாத நாயை உறங்கும்போது தொட்டால், அது திடுக்கிட்டுக் கடித்தலும் உண்டு.

இக்குறைக்கும் வெண்ணிறத்திற்கும் தொடர்பு உண்டு. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் இருத்தல் வேண்டும். கரு வளருங்கால் உடலெங்கும் பரவிச் செல்லும் அவை சில குட்டிகளில் செவியை எட்டுவதில்லை. அங்ஙனம் எட்டாவிடின், ஒலியை உணரும் நுண்ணிய பகுதிகள் ஊட்டமின்றிப் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். வெள்ளை நாய்கள் எல்லாம் செவிடு அல்ல. ஆயினும், வெண்மை ஒன்றையே நாடித் தலைமுறைதோறும் பொறுக்கி எடுக்குந்தோறும், இக்குறை நேர்வதற்கான வாய்ப்பும் உடன் வளர்கின்றது.

வளர்ப்போர் பலர் நாடியதும் அவ்வெண்மையே. மாசு மறுவற்ற வெண்ணிறக் குட்டிக்கே விலை மிகுதி. ஆகவே, ஈன்ற குட்டிகளுள் நிறம் கலந்தவற்றை விலக்கும் வழக்கம் வேரூன்றியது. கரும்புள்ளிகள் நிறைந்த டால்மேஷன் என்னும் அயல்நாட்டு நாயினத்திலும் இதுவே நிகழ்ந்தது. அவ்வினத்தில் பிறக்கும்போதே பெரிய கருந்திட்டு உடைய குட்டிகளிடம் செவிட்டுத்தன்மை குறைவு என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆயினும், கண்காட்சி விதிகள் அத்தகைய நாய்களையே தகுதியற்றவை என்று தள்ளின. நிறத்தை விரும்பிச் செவியை இழக்கும் பேதைமை ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று.

மற்றொரு பிழை, நெருங்கிய உறவுடைய நாய்களையே இணைத்தல். ஒவ்வோர் உயிரும் மரபணுவைத் தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து ஒரு பாதியுமாகப் பெறுகின்றது. ஒன்றில் குறை இருப்பினும் மற்றொன்று நன்றாயின், பல குறைகள் வெளிப்படாமல் மறைந்து நிற்கும். உடன்பிறந்த இரண்டை இணைத்தால், பிறக்கும் குட்டியின் மரபணு இணைகளுள் சராசரியாக நான்கில் ஒரு பங்கு, ஒரே முன்னோரிடமிருந்து இருவழியும் வந்த ஒரே வார்ப்பாக அமையும். அப்போது மறைந்து கிடந்த குறைகள் தலைதூக்கும். இதனை உணர்ந்தே, பெற்றதும் பிறந்ததும் கூடியோ, உடன்பிறந்தவை கூடியோ ஈன்ற குட்டிகளைப் பதிவு செய்வதைப் பிரித்தானிய நாட்டு நாய் வளர்ப்புக் கழகம் 2009ஆம் ஆண்டில் நிறுத்தியது.

'வேறு குருதி கலந்தால் இனத்தின் தூய்மை கெடாதோ?' என்று சிலர் வினவுவர். அவர்தம் அச்சம் இனத்தின்பால் கொண்ட அன்பினால் எழுவதே. அதற்கு விடை டால்மேஷன் நாயின் வரலாற்றில் உள்ளது. அவ்வினம் முழுவதிலும் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல் உண்டாகும் குறை பரவியிருந்தது. 1973ஆம் ஆண்டில் அமெரிக்க மரபியல் அறிஞர் ஒருவர், டால்மேஷனைப் பாய்ண்டர் என்னும் வேட்டைநாயோடு ஒருமுறை இணைத்தார். அதன் வழிவந்தவற்றுள் அக்குறை இல்லாதவற்றைத் தேர்ந்து, மீண்டும் மீண்டும் டால்மேஷனோடே இணைத்து வந்தார். வளர்ப்போர் பலர் எதிர்த்தனர். எனினும், 2011ஆம் ஆண்டில் அமெரிக்க நாய் வளர்ப்புக் கழகம் அவ்வழிவந்த நாய்களைத் தன் பதிவேட்டில் ஏற்றது. அவ்வழியில் வடிவும் புள்ளியும் நிலைத்தன, நோய் நீங்கியது.

இராசபாளைய நாய்க்கு அயலினக் கலப்பே இப்போது வேண்டுமென்பதில்லை. முதலில் செய்யத்தக்கவை வேறு. பிறந்து ஐந்து வாரம் ஆன பின்னர், ஒவ்வொரு குட்டியின் இரு செவிகளையும் தனித்தனியே கருவியால் ஆராய வேண்டும். கைதட்டிப் பார்த்தல் போதாது. ஒரு செவி கேளாத குட்டி மற்றொரு செவியால் கேட்டுத் திரும்பிவிடும். அஃது ஈனும் குட்டிகளிடம் அக்குறை தோன்றுதல் கூடும். கேளாத நாய்களை இனப்பெருக்கத்திற்குக் கொள்ளுதல் ஆகாது. எனினும், அவற்றைக் கைவிடுதலும் அறம் அன்று. கைக்குறிப்பால் பழக்கினால் அவையும் அன்போடு வாழும். நிறம் கலந்து பிறந்த நலமுடைய குட்டிகளை விலக்காமல் இனத்துள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு தலைமுறைகளின் குடிவழியை எழுதி வைத்து, உறவில்லாத நாய்களைத் தேடி இணைத்தல் வேண்டும். இவையும் போதாவாயின், கால்நடை மருத்துவ அறிஞர் வழிகாட்ட, சிப்பிப்பாறை போன்ற அண்டை இனங்களின் துணையை நாடலாம்.

இவற்றையெல்லாம் வளர்ப்போர் மட்டுமே செய்துவிட இயலாது. விலை கொடுப்போரின் விருப்பமே விற்போர்க்கு விதியாகின்றது. வாங்க வருவோர், 'எவ்வளவு வெள்ளை?' என்று கேட்கும்வரை, வெண்மையே விளையும். 'இரு செவியும் கேட்குமா? இதன் தாய் தந்தையர் யாவர்?' என்று வினவத் தொடங்கினால், நலம் விளையும்.

தமிழில் முன்னோர் வழங்கிய ஒழுகலாற்றையும் மரபு என்கிறோம். உயிர்க்கூற்றின் வழித்தொடர்ச்சியையும் மரபு என்கிறோம். இரண்டையும் காப்பதற்கு நெறி ஒன்றே. முன்னோர் அந்நாயைப் போற்றியது அதன் விரைவுக்காகவும், வீரத்திற்காகவும், விழிப்புக்காகவும் ஆகும். அவற்றை இழந்து நிறத்தை மட்டும் வைத்துக்கொள்ளுதல், மணியைத் தொலைத்துப் பேழையைக் காப்பது போன்றது. வெண்மை வேறு, தூய்மை வேறு. நோயின்றிப் பிறந்து, நுண்ணிய ஓசைக்கும் செவி நிமிர்த்தி எழும் குட்டியே இராசபாளைய இனத்தின் தூய குட்டி. அதன் உடலில் ஒரு கரும்புள்ளி இருந்தால்தான் என்ன?