நான்கு ஆண்டு காத்திருக்கச் சொல்வது யாருக்காக?

மொராக்கோவில் 2025 ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையின் தொடக்க ஆட்டத்துக்கு முந்தைய நாள், ஆப்பிரிக்கக் கால்பந்தின் நாற்காலிக்காரர்கள் ராபாத்தில் உட்கார்ந்து அறிவித்ததை இடி என்று சொல்ல முடியாது. 2020-லேயே உலகக் கால்பந்தின் தலைமைப்பீடம் இதே மொராக்கோவுக்கு வந்து, கோப்பையை நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஆக்கும் இதே யோசனையைச் சொல்லிவிட்டுப் போனது. ஐந்து ஆண்டு கழித்து அது நம் யோசனைதான் என்பது போலப் பேசுகிறார்கள். இரண்டாண்டுக்கு ஒரு முறை நடந்துவந்த ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை 2027-இல் நடக்கும், 2028-இல் நடக்கும், அப்புறம் நான்கு ஆண்டுக்கு ஒரு முறைதான். இடைவெளியை நிரப்ப ஆண்டுதோறும் ஒரு நேஷன்ஸ் லீக். யாரும் முணுமுணுக்காமலிருக்க, கோப்பையை வெல்லும் அணிக்கு ஒரு கோடி டாலர்.

போட்டி அட்டவணை, ஒளிபரப்பு உரிமை, விளம்பரம் பற்றியெல்லாம் நிறையப் பேசினார்கள். வெளிநாட்டில் ஆடிப் பிழைக்கும் ஆப்பிரிக்க ஆட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

சாடியோ மானேயை எடுத்துக்கொள்வோம். செனகலின் தெற்கே பம்பாலி கிராமத்துப் பிள்ளை. 2011-இல் பிரான்சின் மெட்ஸ், பிறகு ஆஸ்திரியா, சவுத்தாம்ப்டன், 2016-இல் லிவர்பூல், பேயர்ன் மியூனிக், 2023-இல் சவுதியின் அல் நாசர். சாம்பியன்ஸ் லீக், பிரீமியர் லீக் இரண்டையும் வென்றார். சம்பாதித்ததில் சொந்த ஊருக்குப் பள்ளியும் மருத்துவமனையும் கட்டிக்கொடுத்தார். நாட்டுக்கு ஒரு கோப்பை மட்டும் நெடுநாள் பிடிபடவே இல்லை. 2015-இல் குழுச் சுற்றோடு செனகல் வெளியேறியது. 2017 காலிறுதியில் கேமரூனுக்கு எதிராக அவர் பெனால்டியை வீணடித்து மைதானத்திலேயே அழுதார். 2019-இல் கெய்ரோ இறுதியாட்டத்தில் அல்ஜீரியாவிடம் தோல்வி. 2022 பிப்ரவரி, யவுண்டே இறுதியாட்டம்: ஏழாவது நிமிடத்திலேயே கிடைத்த பெனால்டியை அவர் உதைக்க, எகிப்தின் கோல்கீப்பர் தடுத்துவிட்டார். 120 நிமிடம் கோலே விழவில்லை. வெற்றியைத் தீர்மானிக்கும் கடைசிப் பெனால்டிக்கு அதே மானே நடந்து வந்தார். இந்த முறை பந்து வலைக்குள் போனது. செனகலுக்கு முதல் கோப்பை. எதிரணியில் ஐந்தாவதாக உதைக்கக் காத்திருந்த முகமது சலாவுக்கு முறையே வரவில்லை.

2015-இலிருந்து நான்கு நான்காக எண்ணிப் பாருங்கள்: 2015, 2019, 2023. மூன்றாவது போட்டியில் ஐவரி கோஸ்டிடம் பெனால்டியில் தோற்று, கடைசி பதினாறிலேயே செனகல் ஊர் திரும்பியது. அந்த யவுண்டே இரவு காலண்டரிலேயே இருந்திருக்காது. வேறு ஆண்டிலிருந்து எண்ணினால் கணக்கு மாறுமே என்பார்கள். மாறட்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான் கால் ஓடும் தொழிலில், எந்த ஆண்டில் பிறந்தோம் என்ற அதிர்ஷ்டமா ஒருவருக்குக் கோப்பை உண்டா இல்லையா என்று முடிவு செய்வது?

நான்காண்டு இடைவெளி ஆட்டக்காரரை என்ன செய்யும் என்பதற்கு உலகக் கோப்பையே சாட்சி. 2025 வரை மானே ஆடியது ஒரே ஒரு உலகக் கோப்பை, மூன்றே ஆட்டங்கள். 2018-இல் மஞ்சள் அட்டைக் கணக்கில் ஜப்பானுக்குப் பின்னால் போய் செனகல் வெளியேறியது. 2022-இல் போட்டிக்குச் சில நாள் முன்பு பேயர்ன் சட்டையில் ஆடும்போது காலில் காயம், எல்லாம் போயிற்று. காயம் யாருடைய வேலையில் பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்த மாற்றத்துக்குச் சொல்லும் காரணம், ஆட்டக்காரர்கள் களைத்துப்போகிறார்களாம். 2025 கோடையில் 32 கிளப்புகளை வைத்து ஒரு உலகக் கோப்பை நடத்தும்போது இந்தக் கரிசனம் எங்கே போனது? அந்தக் கோடையில் நடக்கவேண்டியிருந்த ஆப்பிரிக்கக் கோப்பைதான் டிசம்பருக்குத் தள்ளப்பட்டது. டிசம்பரிலும் விட்டார்களா? வழக்கமாக இரண்டு வாரம் முன்பே அனுப்பவேண்டிய ஆட்டக்காரர்களை ஆறு நாள் முன்பு அனுப்பினால் போதும் என்று கிளப்புகளுக்குச் சலுகை. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து, இப்போது போட்டியையே கடித்துவிட்டார்கள். கோப்பைக்குப் போகமாட்டேன் என்று எழுதிக்கொடுக்காத ஆப்பிரிக்கர்களை இனி வாங்கமாட்டேன் என்று 2022-இல் ஒரு இத்தாலிய கிளப் தலைவர் பகிரங்கமாகவே சொன்னார். அவர் வாயால் கேட்டதில் பாதியை நம்மவர்களே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இவர்களின் லட்சணம் புதிதல்ல. கோப்பை இனி ஜூன், ஜூலையில்தான் என்று 2017-இல் முழங்கினார்கள். 2019-இல் ஒரே ஒரு முறை அப்படி நடந்தது. அதை நடத்தும் உரிமையையும் கேமரூனை நீக்கி எகிப்துக்குக் கொடுத்தார்கள். பிறகு 2025 கோப்பையைக் கினியிடமிருந்து பறித்து மொராக்கோவுக்குக் கொடுத்தார்கள். ஐவரி கோஸ்டில் நடக்கவிருந்த 2023 கோப்பையை மழைக்குப் பயந்து 2024 ஜனவரிக்குத் தள்ளினார்கள். அபிஜானில் ஜூனில் மழை கொட்டும் என்று அங்கே மீன் விற்கும் அம்மாவைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். இவை வெறும் கையாலாகாத்தனம். இதைவிட மோசமானதும் உண்டு. 2010-இல் அங்கோலாவின் கபிண்டாவில், கோப்பைக்கு வந்த டோகோ அணியின் பேருந்து துப்பாக்கியால் சுடப்பட்டது. துணைப் பயிற்சியாளரும் ஊடகத் தொடர்பாளரும் இறந்தார்கள். மான்செஸ்டர் சிட்டியிலிருந்து வந்த அடேபயோரும் அந்தப் பேருந்தில்தான் இருந்தார். டோகோ அரசு அணியைத் திரும்ப அழைத்தது. ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு என்ன செய்தது? அரசியல் தலையீடு என்று சொல்லி, அடுத்த இரண்டு கோப்பைகளிலிருந்து டோகோவைத் தடைசெய்தது! உலகக் கால்பந்து அமைப்பு தலையிட்டுத்தான் அந்த அவமானம் நீங்கியது. நாற்காலியில் ஆள் மாறியிருக்கலாம். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் ஆட்டக்காரர் தெரிவதில்லை, அது மட்டும் மாறவில்லை.

முடிவை நிறுத்திவையுங்கள். ஆட்டக்காரர்களை அழைத்துப் பேசுங்கள். இரண்டாண்டு முறையைக் காப்பாற்ற வழி தேடினால் கிடைக்காமல் போகாது. தேட மனம்தான் வேண்டும்.

அந்த ஒரு கோடி டாலர் பெருமையையும் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். 2023 கோப்பையை வென்றவருக்கு 70 லட்சம். நான்கு ஆண்டில் இரண்டு கோப்பை என்றால் ஒரு கோடியே 40 லட்சம். இனி அதே நான்கு ஆண்டுக்கு ஒரு கோடி. இதைத்தான் பரிசை உயர்த்திவிட்டோம் என்று மேடை போட்டுச் சொன்னார்கள்.